ஒரு மணி ஐந்துக்கு வைத்த கையெழுத்து

"அக்கா, அந்த மனுசனுக்கு ரெண்டு மணிக்கு ரயில் —"

"ஒண்டு போனால் அடுத்தது வரும். ராகுகாலத்திலை கையெழுத்து வைச்சால் —"

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரையிலை இருந்து பன்னிரண்டு. எனக்குத் தெரியாதே? இப்ப பன்னிரண்டு பத்து —"

"அது யாழ்ப்பாணத்து ராகுகாலம். கோயில் கலண்டரைப் பார், லண்டனுக்கெண்டு கணிச்சது. பதினொண்டிலை இருந்து ஒரு மணி மட்டும்."

"ரெண்டு மணித்தியாலமோ? ராகுகாலம் ஒண்டரை மணித்தியாலம் தானே. ஆரைப் பேய்க்காட்டுறியள்?"

"ஆனி மாசத்திலை இஞ்சை பகல் எவ்வளவு நீளம்? பகல் நீண்டால் ராகுவும் நீளும். இஞ்சினியர் தானே நீ, எட்டாலை பிரிச்சுப் பார்."

தம்பி உண்மையாகவே பிரித்துப் பார்த்தான். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டான்.

மிஸ்டர் ஹோல்கம் அப்போது நாலாவது வடையில் இருந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றியிருந்தபடியால், அவருடைய காலுறைகள் இரண்டும் இரண்டு நிறம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஏதும் சிக்கலா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிரகம் ஒன்று வழியில் நிற்கிறது, ஒரு மணிக்கு விலகிவிடும் என்றேன். இங்கிலாந்து ரயில்களோடு வாழ்ந்து பழகிய மனிதர். அந்தக் காரணம் அவருக்கு நியாயமாகப்பட்டது. ஐந்தாவது வடையை எடுத்தார்.

அன்றைக்கு வடை நன்றாக வந்திருந்தது, தனுஷியா. வாக்குமூலத்தை எங்கே தொடங்குவதென்று நீ சொல்லித் தரவில்லை. அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். தமிழில்தான் எழுதுகிறேன், நீ யாரையும் பிடித்து ஆங்கிலத்தில் மாற்றிக்கொள். நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்கு வருவேன், அவசரப்படாதே பிள்ளை.

என் பெயர் கனகாம்பிகை. வயது எழுபத்திரண்டு. லூயிஷாமில், சிவன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், முப்பத்தொரு வருடமாக இருக்கிறேன். இளைப்பாறும் வரை ஒரு கவுன்சிலில் வேலை. பார்க்கிங் தண்டம் கட்ட மாட்டோம் என்று சனங்கள் எழுதுகிற கடிதங்களைப் படித்துப் பதில் போடுவது. பத்தொன்பது வருடம் அந்தக் கடிதங்களைப் படித்திருக்கிறேன். நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. அநேகர் அளவுக்கு மேலே சொல்லிவிடுவார்கள். மனைவிக்குப் பிரசவ வலி என்றால் நம்பலாம். இரட்டைப் பிள்ளை என்று சேர்த்தால் அங்கே பிடிபடும்.

இராஜேந்திரன் எனக்கு எட்டு வயது இளைய தம்பி. உன் அப்பாவை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் இந்தத் தாளைப் படிக்கிற வேறு ஆட்களுக்காகச் சொல்லுகிறேன். அவனிடம் ஒரு எண்ணெய்க் குழாய் இருந்தது. பத்தொன்பது மைல். லிங்கன்ஷயரில் கோதுமை வயல்களுக்குக் கீழே, ஹோல்கம் கம்பெனியின் கிணறுகளிலிருந்து ரயில் பாதை வரைக்கும் எண்ணெயைக் கொண்டுபோவது. அரைவாசியில் ஒரு பம்ப் ஸ்டேஷன். பதினொரு பேர் வேலை. மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தைப் பர்ஸில் வைத்திருப்பார்கள். இவன் ஒரு வால்வின் படத்தை வைத்திருந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை குசினி மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று தடிப்பு. அடுப்புச் சட்டியில் வடையைத் திருப்பிக்கொண்டு கேட்டேன்.

"ஏன் ரெண்டு? ஒண்டு காணாதே?"

"மெல்லிசு சேவை ஒப்பந்தம் அக்கா. ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய், உடைஞ்சால் ஆர் திருத்துறது, அவ்வளவுதான். ஹோல்கம் நாளைக்குக் கடன் முட்டி வங்குறோத்தாப் போனால், கம்பெனியைப் பொறுப்பெடுக்கிற லிக்குவிடேற்றர் வருவான். பாரமான ஒப்பந்தம் எதையும் தூக்கி எறிய அவனுக்குச் சட்டம் இடம் குடுக்குது. மெல்லிசை எறிஞ்சுபோடுவான்."

"தடிப்பு?"

"தடிப்பு நிலத்துக்கு. இந்தக் காணியிலை எடுக்கிற எண்ணெய் என்ரை குழாயாலை மட்டும்தான் வெளியிலை போகும், காணி ஆரின்ரை கையுக்குப் போனாலும். அது ஆளோடை போகாது, மண்ணோடை கிடக்கும். அதை எறிய ஏலாது."

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி கொண்டுபோகிற ஒழுங்கை இருக்கிறதல்லவா, அது பக்கத்து வீட்டுக்காரரின் நிலம். அந்த வீடு மூன்று கை மாறிவிட்டது. வந்த ஒவ்வொருவரும் புல்லு வெட்டுகிற ஆளை மாற்றினார்கள், பால்காரரை நிறுத்தினார்கள். என்னுடைய ஒழுங்கையை மட்டும் ஒருவராலும் மறிக்க முடியவில்லை. அது காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிக் கிடக்கிறது. தம்பி தன் குழாய்க்கும் அப்படி ஒரு ஒழுங்கை எழுதிக்கொண்டிருந்தான்.

ஆனால் தடித்த தாளுக்கு ஒரு நிபந்தனை. ஹோல்கம் கையெழுத்து வைப்பதை ஒரு சாட்சி பக்கத்தில் நின்று கண்ணால் காண வேண்டும். சாட்சி காணாவிட்டால் அது உறுதி ஆகாது. தடித்த தாளும் மெல்லிய தாளாகிவிடும். லோயர் தன்னுடைய ஒஃபீஸிலேயே வைத்து முடிப்போம் என்றாராம். தம்பிதான் கேட்கவில்லை.

"அக்கான்ரை வீட்டிலை, அக்கான்ரை சாட்சியோடைதான் தொடங்குவன்" என்று நின்றான். நான் தாளின் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசினேன். ஒரு மணி ஐந்துக்கு ஹோல்கம் கையெழுத்து வைத்தார். நான் கீழே என் பெயரை எழுதினேன். மீதி வடையை ஃபொயிலில் சுற்றிக் கொடுத்து அனுப்பினோம். பதினைந்து வயதுப் பெட்டையாக நீ மூலையில் நின்று எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தாய். சிரித்துச் சிரித்துப் பிடித்தாய்.

ஆறு வருடம் எண்ணெய் ஓடியது. நல்ல வருடங்கள். உன் அம்மா போன பிறகு தம்பி புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் சாப்பிட வருவான். ஞாயிறு நண்டு. கடைசி ஓட்டை உறிஞ்சி முடிக்கும்வரை பேசவே மாட்டான். பிறகு தேத்தண்ணியோடு குழாயின் கதை தொடங்கும். எனக்கு அந்தக் கதையில் ஆர்வம் இருக்கவில்லை. அவன் கை கழுவிவிட்டு வந்து உட்காருகிற அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

பிறகு ஹோல்கம் காலமானார். பாவம், நல்ல மனிதர். அடுத்த வருடமே அவருடைய கம்பெனி வங்குறோத்தாகி, லிக்குவிடேற்றர் வந்தார். கிணறுகளை வாங்க ஒரு ஆள் தயார். ஆனால் அவருக்குக் குழாய் வேண்டாம், லொறியில் ஏற்றிக்கொள்வாராம். மெல்லிய தாளை லிக்குவிடேற்றர் ஒரே கடிதத்தில் எறிந்தார். தடித்த தாள் குறுக்கே நின்றது. அது சரியாகச் சாட்சி வைத்த உறுதிதானா என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். உயிரோடு இருந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவன் தம்பி, தன் வழக்கில் தானே பேசுகிறவன். மற்றது நான். அன்று மூலையில் நின்ற உனக்கு யார் எங்கே நின்றதென்று நினைவில்லை, அந்தப் போனும் தொலைந்திருந்தது.

"உங்கடை வாயிலைதான் என்ரை குழாய் கிடக்குது அக்கா" என்று சிரித்தான்.

வழக்குக்கு ஆறு கிழமைக்கு முந்திய ஞாயிறு அது. நண்டு முடிந்திருந்தது. சிரித்த வாயோடேயே சொன்னான்.

"கேஸ் முடிஞ்ச உடனை லிங்கனுக்குப் போறன் அக்கா. பம்ப் ஸ்டேஷனுக்குக் கிட்ட வீடு ஒண்டு எடுத்திட்டன். கிழமைக்கு ரெண்டு தரம் மேலையும் கீழையும் ஓட இனி ஏலாது. கீழை ஒரு அறை இருக்கு, உங்களுக்கு. முழங்கால் நோவுக்குப் படி ஏறத் தேவையில்லை."

அறை என்றது ஒரு மரியாதைக்குச் சொன்னது. தம்பி எப்போதும் மரியாதை தெரிந்தவன். போகும்போது அந்த வீட்டின் கதவுத் திறப்பு ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனான். அங்கிருந்து கோயிலுக்குக் காரில் எவ்வளவு நேரம் என்பதைக்கூட விசாரித்துத் துண்டில் எழுதியிருந்தான். மரியாதை என்றால் அவனுக்கு அப்படி.

நான் அன்று பின்னேரம் முழுக்க யோசித்தேன். என்னைப் பற்றி அல்ல. அறுபத்திரண்டு வயது மனிதன் மழையிலும் சேற்றிலும் ஒரு குழாய்க்குப் பின்னால் நடந்தால் இருதயம் என்னத்துக்கு ஆகும்? அங்கே யார் அவனுக்கு நேரத்துக்குச் சோறு போடுவது? அவனுக்கு அந்தக் குழாயை விட முடியாது. விடச் சொன்னால் கேட்கவும் மாட்டான். யாராவது அவனுக்காக விட வேண்டும். அக்கா என்று ஒருத்தி இருப்பது அதற்குத்தானே.

நீதிமன்றத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். என்னுடைய சொந்தப் புத்தகம், அங்கே வைத்திருந்ததின் அட்டை கிழிந்திருந்தது. எதிர்ப்பக்கத்து பாரிஸ்டர் மெலிந்த, மரியாதையான பெடியன். பேனா தாளில் பட்டபோது நான் எங்கே நின்றேன் என்று கேட்டார்.

சுவாமி அலுமாரிக்கு முன்னால், ஹோலில் என்றேன்.

மேசை குசினியில் அல்லவா என்றார்.

ஓம், மேசைக்கு என் முதுகு என்றேன். நல்ல காரியம் தொடங்குகிற நேரம். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது கையெழுத்து இருந்தது. சாட்சி என்றால் வீட்டில் நிற்பதுதான் என்று நினைத்துக் கீழே என்னுடைய பெயரை எழுதினேன்.

அவ்வளவுதான். மேலே ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. எந்தத் தேவாரம் என்று நீதிபதி கேட்டிருந்தால்கூட நினைவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

தம்பியின் லோயர் எழும்பி, முதலில் எழுதித் தந்த வாக்குமூலத்தில் கண்டேன் என்று இருக்கிறதே என்று என்னையே கேட்டார். அது நீங்கள் எழுதிய ஆங்கிலம், நான் கையெழுத்து மட்டும் வைத்தேன் என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதியும் கொஞ்சம் சிரித்தார். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் ஊசி போடக் கொண்டுபோன நாளில் அப்படித்தான் பார்ப்பான், பிறகு நன்றாகிவிடும்.

அவன் கூண்டில் ஏறி, "அக்கா மேசையடியில்தான் நின்றார், என் கண்ணால் கண்டேன்" என்று சொன்னான். நீதிபதி தீர்ப்பில் அழகாக எழுதினார். இந்த அம்மா பக்தியும் நேர்மையும் உள்ளவர், தன் சொந்தக் குடும்பத்துக்கு நட்டம் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்லியிருக்கிறார், ஆகவே இவரை இன்னும் கூடுதலாக நம்ப வேண்டும் என்று. அந்தப் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். கவுன்சிலில் பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் என்னைப் பற்றி அப்படி எழுதியதில்லை.

தடித்த தாள் மெல்லிய தாளாயிற்று. லிக்குவிடேற்றர் அதையும் எறிந்தார். எண்ணெய் லொறியில் போனது. நாலு மாதத்தில் தம்பியின் கம்பெனியும் வங்குறோத்து. அதற்கும் ஒரு லிக்குவிடேற்றர் வந்தார். இந்த முறை ஒரு பெண், மிகவும் தன்மையானவர், என் கையால் தேத்தண்ணி குடித்தார்.

பதினொரு பேருக்கும் வேலை போனது உண்மைதான். மன்னார் யாக்கோப்பு என்னைத் தேடி வந்தார். கிழமைக்கொரு தரம் பத்தொன்பது மைலையும் நடந்து பார்க்கிறவர் அவர்தான். இப்போது ஈஸ்ட் ஹாமில் ஒரு கடை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார்.

"நிக்கிறது கஷ்டமாக்கிடக்கு அக்கா. நடந்து பழகின கால்" என்றார்.

சேர்ச் இப்போது கிட்டத்தானே என்று சொல்லி, வடை கட்டிக் கொடுத்து அனுப்பினேன். எதிலும் ஒரு நல்லது இருக்கும். தேடிப் பார்க்க வேண்டும்.

இங்கே இருந்த தம்பியின் வீடும் வங்கிக்குப் போயிற்று. அந்தக் கடிதம் வந்தது ஒரு புதன்கிழமை. என் குசினியில், சோற்றில் கை வைத்தபடி, ஒரு பக்கமாகச் சரிந்தான். நான் சொன்னேனல்லவா, அவனுடைய உடம்பு தாங்காது என்று. நல்ல காலம், லிங்கனில் தனியாக இருக்கவில்லை. அம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அதை நினைக்கிறபோதெல்லாம் நான் செய்தது சரி என்று எனக்கு ஒரு நிம்மதி.

இப்போது முன்னறையில் இருக்கிறான். கட்டிலும் சக்கர நாற்காலியும் கவுன்சில் தந்தது. மூன்று வேளையும் நேரத்துக்குச் சோறு. நண்டை நானே உடைத்து, சதையை மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். கிழமையில் ஏழு நாளும் ஞாயிற்றுக்கிழமை மாதிரித்தான்.

அவனுடைய பேச்சைப் பற்றி நீ போன கிழமை கேட்டாய். ஸ்பீச் தெரபிக்கு வருகிற பிரீத்தா, பேச்சு முழுவதும் திரும்பிவிட்டது என்கிறாள். அவளோடு பகிடி விட்டுச் சிரிக்கிறான். உன்னோடு போனில் அரை மணித்தியாலம் பேசுகிறான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன். என்னோடு மட்டும் பேசுவதில்லை. பதினாறு மாதமாக ஒரு சொல் இல்லை. அக்கா தம்பிக்குள்ளே கதை எதற்கு? ஒரு பார்வை காணும். இப்போது பார்வையும் கொஞ்சம் குறைவுதான், கண் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

உன் கேள்விக்கு வந்துவிட்டேன். பழைய போன் ஒன்று அகப்பட்டதென்று அந்த வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாய். நாற்பது விநாடி. ஹோல்கம் குனிகிறார். மேசையின் அடுத்த பக்கம் நான், கையில் எண்ணெய் வடிகிற கண்ணகப்பை. கண் இரண்டும் அகலத் திறந்திருக்கிறது. "மிஸ்டர் ஹோல்கம், உங்கள் பேனா ஒழுகுது" என்று ஆங்கிலத்தில் சொல்லி டிஷ்யூ நீட்டுகிறேன். எல்லாரும் சிரிக்கிறோம். "மாமி, இதென்ன?" என்று கேட்டாய்.

அதுதான் நடந்தது. சுவாமிக்கு ஒரு மணிக்கு முதலே கற்பூரம் காட்டி முடித்துவிட்டேன். பேனா நீலம். பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசி எழுத்துக்கு ஒரு வால் இழுத்தார். வால் இழுக்கிற இடத்தில் ஒரு பொட்டு மை விழுந்தது. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். நீதிமன்றத்தில் சொன்னது பொய். தெரிந்து, யோசித்து, ஆறு கிழமை ஒத்திகை பார்த்துச் சொன்ன பொய்.

உன் அப்பாவுக்கு இது அன்றைக்கே தெரியும். மேசையில் எனக்கு எதிரே இருந்தவன் அவன்தானே. கூண்டில் நின்று அக்கா கண்டார் என்று மட்டும் சொன்னானே தவிர, அக்கா பொய் சொல்லுகிறார் என்று அங்கே சொல்லவில்லை. பிறகு உனக்கும் சொல்லவில்லை, ஒருத்தருக்கும் சொல்லவில்லை. இதற்கு என்ன அர்த்தம் பிள்ளை? அவனுக்கு உள்ளுக்குள் சம்மதம். வெளியே சொல்ல வெட்கம்.

இந்தத் தாள் இருந்தால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம், குழாய்க்கு உரிய நட்டஈடாவது கிடைக்கும் என்றாய். அப்பாவை உன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றும் சொன்னாய். எனக்குச் சிறையில் மறியல் கிடைக்கலாம் என்பதை நீ சொல்லவில்லை. நல்ல பிள்ளை, நானே விசாரித்தேன். பரவாயில்லை. உனக்கு நண்டு உடைக்கத் தெரியுமா என்பதுதான் என் யோசனை.

கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அதற்குக் கீழே சாட்சிக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். நீ சாட்சி கேட்கவில்லை. ஆனால் ஒருவரும் காணாத கையெழுத்துக்கு என்ன கதி வரும் என்று எனக்கு நீதிமன்றமே படிப்பித்திருக்கிறது. அந்த இடத்தில் உன் அப்பா வைக்கட்டும். அவன் காணாமல் நான் இதில் பேனா வைக்க மாட்டேன்.

நேரமும் பார்த்துவிட்டேன். ஐப்பசியில் பகல் குறுகல், ராகுவும் குறுகல். இன்று புதன், இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. இப்போது இரண்டு ஐந்து.

எழுதியது முழுவதையும் அவனுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். ஓரிடத்திலும் மறுக்கவில்லை. நாற்காலியை மேசையடிக்குத் தள்ளிக்கொண்டுவந்தேன். வடையும் சுட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்றைக்கும் நன்றாக வந்திருக்கிறது. பேனாவின் மூடியைக் கழற்றிய உடனே கண்ணை மூடிக்கொண்டான். நித்திரை இல்லை, நித்திரை என்றால் அவனுக்கு வாய் கொஞ்சம் திறந்திருக்கும். கும்பிடுகிறானாக்கும். நல்ல காரியம் தொடங்குகிற நேரம்தானே.

"தம்பி, கண்ணைத் திறந்து பாரன். அக்கா கையெழுத்து வைக்கப் போறன்."